சும்மா கிடந்த காணி: ஒரு கோல்ஃப் பயணப் பட்டியலின் வரலாறு

இலங்கைக்கு கோல்ஃப் விளையாட வாற வெளிநாட்டுக்காரருக்காகத் தயாரிக்கிற பயணப் பட்டியல்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு வாரம், இல்லையெண்டால் பத்து நாள். கட்டுநாயக்காவில் இறங்கி கொழும்பு பொரளையில் ஒரு ஆட்டம். பிறகு கண்டிப் பக்கம், திகனவில் விக்டோரியா. அங்கேயிருந்து மலையேறி நுவரெலியா. கடைசியில் தெற்கே இறங்கி அம்பாந்தோட்டை. நாலு மைதானம், நாலு காலநிலை, இடையில் கொஞ்சம் யானையும் கொஞ்சம் தேயிலையும். நாள் போதாவிட்டால் ஒன்றை வெட்ட வேண்டும். எதை வெட்டுவது, எதை வைப்பது எண்டதுதான் பயணத்தைத் திட்டமிடுகிறவருக்குப் பெரிய கேள்வி.

அதற்கு அவர்களிடம் நல்ல அளவுகோல்கள் இருக்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் கிடக்கு. காற்று மெல்லியது, அதனால் அடித்த பந்து கொஞ்சம் கூடத் தூரம் போகும். ஆனால் ஏப்ரல் வசந்த காலத்தில் போனால் சனநெரிசல், தென்மேல் பருவமழைக் காலத்தில் போனால் மழையும் புகாரும். பொரளை மைதானம் தட்டையானது, நகரத்துக்குள்ளேயே இருப்பதால் போக்குவரத்து மிச்சம். விக்டோரியா மேடு பள்ளம் நிறைந்தது, 18 குழிகளையும் 73 அடிகளில் முடிப்பது அங்கே கணக்கு; பார்வைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் நீர்த்தேக்கம். அம்பாந்தோட்டையில் மழை குறைவு, கடற்காற்றுத்தான் எதிராளி.

எங்களில் ஒருத்தரும் இதுவரை கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்ததில்லை. பிறகு ஏன் இதைப் பற்றி எழுதுறம்? எங்கட வகுப்பில் கன பேர் நாளைக்கு சுற்றுலாத்துறைக்குத்தான் வேலைக்குப் போகப் போகிறோம். இப்பிடியான பட்டியல்களை எழுதப்போகிற ஆட்களே நாங்கள்தான். இன்னொரு காரணமும் இருக்கு. 18 குழி கொண்ட ஒரு மைதானத்துக்குப் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் காணி வேண்டும். ஒரு சில பேர் ஒரு நேரத்தில் நடந்துபோகிற விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய நிலம் ஒதுக்கப்படுகிறது எண்டால், அந்த நிலம் எப்பிடி வந்தது எண்டு கேட்பது வரலாற்று மாணவர்களின் வேலை. பயணப் பட்டியல்களில் தூரம், உயரம், கட்டணம், காலநிலை எல்லாத்துக்கும் ஒரு நிரல் இருக்கு. காணிக்கு மட்டும் நிரல் இல்லை.

அந்த நிரலை நிரப்பிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முயலும் பந்தும்

முதலில் இந்த விளையாட்டு பிறந்த இடத்துக்குப் போய் வர வேண்டும். ஸ்கொட்லாந்தின் கரையோரத்தில், கடலுக்கும் வயலுக்கும் இடையில் மணலும் புல்லுமாகக் கிடக்கிற நிலத்தை அவர்கள் 'லிங்ஸ்' எண்டு சொல்லுவார்கள். பயிர் செய்ய உதவாத நிலம். ஆடு மேய்க்கலாம், துணி காயப்போடலாம், பந்தடிக்கலாம். கோல்ஃப் இந்த நிலத்தில் ஊர்ச்சனத்தின் விளையாட்டாக வளர்ந்தது. 1457இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் அதைத் தடை செய்தது. என்னெண்டால், சனங்கள் வில்வித்தை பழகாமல் பந்தடிக்கப் போனார்களாம். பெரிய மனிதர்கள் மட்டும் விளையாடுகிற விளையாட்டைத் தடை செய்ய யாரும் சட்டம் போடமாட்டார்கள்.

உலகத்து கோல்ஃப் பயணிகள் எல்லாரும் ஒருமுறையாவது போக ஆசைப்படுகிற இடம் சென் அன்ட்றூஸ். 1552இல் அந்த ஊர்ப் பேராயர் ஹமில்டன் ஒரு சாசனம் எழுதினார். லிங்ஸ் நிலத்தில் முயல் வளர்க்கிற உரிமை அவருக்கு. அதே நிலத்தில் கோல்ஃபும் உதைபந்தும் விளையாடுகிற உரிமை ஊராருக்கு. 1797இல் பணக்கஷ்டத்தில் இருந்த நகரசபை அந்தக் காணியைக் கைமாற்றியது. அது முயல் வளர்க்கிற வியாபாரிகளிடம் போனது. முயல்கள் தோண்டிய பொந்துகளால் மைதானம் நாசமானது. ஊராருக்கும் வியாபாரிகளுக்கும் இடையில் வருடக்கணக்காக வழக்கு நடந்தது. 1821இல் பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் வாங்கியதால் மைதானம் தப்பியது. 1894இல் நகரம் திரும்ப அதைச் சொந்தமாக்கிக் கொண்டது.

இண்டைக்கும் அந்தப் பழைய மைதானம் பொதுக்காணிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழமையாக கோல்ஃப் இல்லை. ஊர்ச்சனம் நாயைக் கூட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகும். உலகத்திலேயே புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம் வாரத்தில் ஒரு நாள் ஊருக்குத் திறந்து கிடக்கு. ஆக, கோல்ஃப் எண்டாலே வேலி எண்டு இல்லை. வேலி பிறகு வந்தது. எங்கட நாட்டுக்கு அது வேலியோடுதான் வந்து சேர்ந்தது.

காலிமுகத்திடலில் இருந்து பொரளைக்கு

கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியபோது அவர்கள் விளையாடியது காலிமுகத்திடலில். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடற்கரை நடைபாதை அங்கேதான் இருக்கு. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்ட கல்வெட்டு இன்னும் நிற்கிறது. அந்தப் 'பெண்கள், பிள்ளைகள்' எண்ட சொல்லுக்குள் அண்டைக்கு எத்தனை பேர் அடங்கினார்கள் எண்டது வேறு கேள்வி. ஆனாலும் அது திறந்த திடல். ஆட்கள் நடக்கிற, குதிரை ஓடுகிற, பட்டாளம் அணிவகுக்கிற இடத்தில் பந்தடிப்பது கஷ்டம். 1896இல் கழகம் பொரளைக்கு இடம்பெயர்ந்தது. அந்த வருடம் ஆளுநராக வந்த வெஸ்ட் றிட்ஜ்வேயின் பெயரை மைதானத்துக்கு வைத்தார்கள். 1928இல் கழகத்தின் பெயரோடு 'றோயல்' சேர்ந்தது.

இந்த இடமாற்றத்தின் விளைவை இரண்டு பக்கத்திலும் பார்க்கலாம். பொரளையில் வேலிக்குள் பச்சை நிலம் பத்திரமாக இருக்கு. களனிவெளி றெயில் பாதை அந்த மைதானத்துக்கு நடுவால் போகிறது. அவிசாவளை, ஹோமாகம, மஹரகம பக்கமிருந்து காலையில் கோட்டைக்கு வேலைக்குப் போகிற சனம் பெட்டியில் தொங்கிக்கொண்டு போகும்போது ஒரு நிமிசம் அந்தப் பச்சையைக் காணலாம். யன்னலால் பார்க்கிற உரிமை மட்டும்.

காலிமுகத்திடலோ கழகம் விட்டுப்போனதால் எல்லாருக்கும் உரியதாக மிஞ்சியது. அங்கே பட்டம் விட்டோம், இறால் வடை சாப்பிட்டோம். 2022 ஏப்ரலில் 'கோட்டா கோ கம' எழும்பியதும் அங்கேதான். அந்த வருடம் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து கஞ்சி கொடுத்ததும் அதே புல்லில்தான். கழகம் அந்தத் திடலிலேயே நிலைத்து வேலி போட்டிருந்தால் ஒரு நாட்டின் சனம் கூடுவதற்கு வேறு எந்த இடம் இருந்திருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கோ.

நுவரெலியா: 7 பேர்ச் கணக்கு

பயணப் பட்டியல்களில் நுவரெலியாவுக்குத் தனி மவுசு. 1889இல் தொடங்கிய கழகம், ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் தொடக்கியது எண்டு சொல்லப்படுகிறது. நகரத்துக்கு நடுவிலேயே மைதானம். மரப்படிகள், கணப்படுப்பு, பழைய விருந்து மண்டபம் எல்லாம் 'பழைய இங்கிலாந்து' எண்ட பெயரில் விற்பனையாகும்.

ஆனால் இந்த மலை எப்பிடி வெள்ளைக்காரரின் கைக்கு வந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, ஆளில்லாத காணி, பயிர் செய்யாத காணி எல்லாம், மறுபக்கம் நிரூபிக்கப்படும்வரை, முடிக்குச் சொந்தம் எண்டு அது சொன்னது. சேனைப் பயிர் செய்தவருக்கும் மாடு மேய்த்தவருக்கும் உறுதிக் கடதாசி ஏது? அவர்கள் தலைமுறையாகப் பாவித்த நிலம் ஒரே நாளில் 'சும்மா கிடந்த காணி' ஆனது. அந்தக் காலத்தில் மலைநாட்டுக் காணி ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலைக்குப் போனது. வாங்கினவர்களுக்குள் அரச அதிகாரிகளும் இருந்தார்கள். முதலில் கோப்பி. 1869இல் கோப்பி இலைநோய் வர, பிறகு தேயிலை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான்.

ஸ்கொட்லாந்துக்காரர் தங்கட விளையாட்டைக் கொண்டுவந்தார்கள், தங்கட வீட்டுக் கூரையின் சாய்வைக்கூடக் கொண்டுவந்தார்கள். தங்கட ஊரில் இருந்த பொதுக்காணி எண்ட பழக்கத்தை மட்டும் கப்பலில் ஏற்றவில்லை.

அந்தத் தோட்டங்களை உண்டாக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சனத்தின் கதை எங்களுக்குத் தெரியும். தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 2023இல் 200 வருடத்தை நினைவுகூர்ந்து அதே பாதையில் திரும்ப நடந்தபோதும் முதலாவது கோரிக்கைகளுக்குள் காணி இருந்தது. நூற்றாண்டுகள் கழிந்தும் லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருக்கிறவருக்கு இல்லை. கடந்த பத்து வருடத்தில் தனி வீடுகளுக்கு எண்டு அரசாங்கம் பேசத் தொடங்கிய அளவு 7 பேர்ச்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் 160 பேர்ச். 7 பேர்ச் கணக்கில் ஒரு ஏக்கருக்கு 22 குடும்பம். 100 ஏக்கருக்கு 2,200க்கு மேல். நுவரெலியா மைதானத்தை உடைத்து வீடு கட்டச் சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தப் பச்சை இல்லாமல் போனால் அங்கே இன்னொரு அடுக்குமாடி ஹோட்டல்தான் வரும் எண்டதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் மலையகத்தில் காணி கேட்கும்போதெல்லாம் 'காணி இல்லை' எண்டு சொல்லுகிறவர்கள், இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டும்.

விக்டோரியா: அழகான தண்ணீர்

எல்லாருக்கும் பிடித்த மைதானம் இதுதான். திகனவுக்குப் பக்கத்தில் ராஜவெல்லவில், டொனால்ட் ஸ்டீல் எண்ட பிரித்தானியர் வடிவமைத்து 1990களின் கடைசியில் திறக்கப்பட்டது. விடுதியோடு சேர்ந்த மொத்தக் காணி சுமார் 500 ஏக்கர். மூன்று பக்கமும் நீர்த்தேக்கம், பின்னால் நக்கிள்ஸ் மலை. படத்தைப் பார்த்தால் யாருக்கும் போக ஆசை வரும்.

ஆனால் அந்தத் தண்ணீர் 1980களுக்கு முதல் அங்கே இல்லை. 1977க்குப் பிறகு, முப்பது வருடத்துக்கு எண்டு போட்ட மகாவலித் திட்டத்தை ஆறு வருடத்துக்குள் முடிக்க அரசாங்கம் முடிவு செய்தது. விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். பிரித்தானியா 100 மில்லியன் பவுணுக்கு மேல் நன்கொடை கொடுத்தது. 1985 ஏப்ரலில் மார்கரட் தட்சர் வந்து திறப்பு விழாவில் நின்றார். பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த கிராமங்களும் வயல்களும் தண்ணீருக்குள் போயின. சுமார் 30,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டு, பலர் மகாவலிக் குடியேற்ற வலயங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கிராமத்துச் சனத்தின் இழப்பு உண்மையானது. அதே மகாவலித் திட்டத்தின் பெயரில் மணலாறுப் பக்கம் தமிழ்க் கிராமங்களுக்கு என்ன நடந்தது எண்டதும் உண்மையானது. ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்கத் தேவையில்லை.

கோல்ஃப் மைதானம் மூழ்கிய ஊருக்கு மேலே போடப்பட்டதல்ல, அது கரையில் இருந்த தோட்டக் காணி. அணை கட்டினதும் மின்சாரத்துக்கும் விவசாயத்துக்கும் நாட்டுக்குத் தேவைப்பட்டது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பட்டியலில் முதலாவதாக விற்கப்படுகிறது அந்தக் 'காட்சி'. அந்தக் காட்சிக்கான விலையைக் கொடுத்தவர் வேறு ஆட்கள். வரட்சி கடுமையான வருடங்களில் நீர்மட்டம் இறங்க, பழைய தெல்தெனியவின் எச்சங்கள் வெளியே தெரியும். அந்த நாட்களில் பழைய ஊர்ச்சனம் வந்து தங்கட வளவு எங்கே இருந்தது எண்டு தேடிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அம்பாந்தோட்டையும் சீனக்குடாவும்

2016இல் திறந்த அம்பாந்தோட்டை ஷங்ரிலா விடுதியின் மைதானம், இந்தப் பட்டியலில் ஆகப் புதியது. றொட்னி றைட் வடிவமைத்தது. சில குழிகள் பழைய மாணிக்கக் கல் அகழ்ந்த நிலத்தில் போடப்பட்டவை எண்டு விடுதியே விளம்பரத்தில் சொல்லுகிறது. தோண்டிக் கெடுத்த நிலத்தைத் திருத்திப் பசுமையாக்குவது நல்ல விசயம்தான்; 'சும்மா கிடந்த காணி' எண்ட சொல் கொஞ்சமாவது பொருந்துகிற இடம் எண்டால் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் வரண்ட வலயத்தில் புல்லைப் பச்சையாக வைத்திருக்கத் தண்ணீர் வேண்டும். காணி நிரலுக்குப் பக்கத்தில் அங்கே தண்ணீருக்கும் ஒரு நிரல் போட வேண்டியிருக்கும்.

பல பட்டியல்களில் வராத மைதானம் ஒன்று எங்கட பக்கத்திலேயே இருக்கு. திருகோணமலை சீனக்குடாவில், விமானப்படைத் தளத்தோடு சேர்ந்த 18 குழி மைதானம். பிரித்தானியர் காலத்து விமானத் தளம் அது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடம். 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தைக் கைவிட்டுப் போக, நிலம் அரசாங்கத்திடம் வந்தது. இண்டைக்கு அங்கே கோல்ஃப் நடத்துவது விமானப்படை.

இந்தத் தளம் எங்கட ஆட்களிடமிருந்து பறித்தது எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு படை ஏன் சுற்றுலா நடத்த வேண்டும் எண்ட கேள்வி வடகிழக்கில் வளர்ந்தவர்களுக்குத் தானாகவே வரும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறின சனம் முகாமில் இருக்க, காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் விடுதி நடத்தியது. 2017இல் கேப்பாப்பிலவில் சனம், பெரும்பாலும் பெண்கள், இரவும் பகலும் வீதியில் இருந்துதான் சொந்தக் காணியில் ஒரு பகுதியை மீட்டார்கள். காணி யாரிடம் இருக்கிறதோ அவரே அங்கே யார் விடுமுறை கழிக்கலாம் எண்டதையும் தீர்மானிக்கிறார். 

பட்டியலில் இல்லாமல் போன மைதானம்

கடைசியாக ஒன்று. இருபது வருடத்துக்கு முதல் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் கொழும்புப் பக்கத்தில் இன்னொரு மைதானத்தையும் சேர்த்திருக்க வேண்டும். பத்தரமுல்லை வோட்டர்ஸ் எட்ஜ்.

பாராளுமன்றம் 1982இல் கோட்டேக்குப் போனது. அதைச் சுற்றியிருந்த தாழ்நிலத்தை, மழைவெள்ளம் தேங்கி வடியத் தேவையான நிலம் எண்ட காரணத்தைக் காட்டி, பொதுத் தேவைக்காக நகர அபிவிருத்தி அதிகார சபை சுவீகரித்தது. சனத்திடமிருந்து எடுத்தது பொதுத் தேவைக்கு. பிறகு 1990களின் பிற்பகுதியில் அது ஒரு தனியார் கம்பனிக்கு கோல்ஃப் மைதானம் போடக் கைமாறியது.

2007இல் பிரஜைகள் இரண்டு பேர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார்கள். 2008 ஒக்டோபர் 8 அன்று தீர்ப்பு வந்தது. காணி கைமாறிய விதம் சமத்துவ உரிமையை மீறியது எண்டு நீதிமன்றம் கண்டது. ஆட்சியிலிருப்பவரின் கையில் இருக்கிற அதிகாரம் மக்கள் நம்பி ஒப்படைத்தது, சொந்தச் சொத்து இல்லை எண்டது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. காணியைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் எண்டும் கட்டளையிட்டார்கள். இப்போ அந்த இடம் அதிகார சபையின் கீழ் விருந்து மண்டபங்களும் உணவகங்களுமாக இயங்குகிறது.

சட்டம் படிக்கிற நண்பர்கள் இந்தத் தீர்ப்பை வேறு காரணங்களுக்காகப் படிப்பார்கள். எங்களுக்கு இதில் பிடித்த விசயம் ஒன்றுதான். காணி போன வழி எழுத்தில் இருந்தது. சுவீகரிப்பு அறிவித்தல், கைமாற்று உறுதி, அமைச்சரவைக் கடதாசி எல்லாம் எங்கேயோ ஒரு கோப்பில் கிடந்தன. யாரோ இரண்டு பேர் அதைத் தேடி எடுத்துக் கேள்வி கேட்டார்கள். போன காணி திரும்பி வந்தது.

சரி, எதைத் தெரிவது?

கோல்ஃப் கெட்ட விளையாட்டு எண்டு சொல்ல நாங்கள் வரவில்லை. வெளிநாட்டுப் பணம் வேண்டும், எங்களுக்கு வேலையும் வேண்டும். நாடு வங்குரோத்தான வருடத்தில் பல்கலைக்கழகத்துக்குள் வந்த ஆட்களுக்கு அதை யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் சுற்றுலாவுக்கு எண்டு புதுக் காணி தேடும்போதெல்லாம் அந்தப் பழைய சொல் திரும்ப வரும்: 'சும்மா கிடக்கிற காணிதானே'. 1840இல் அது ஆங்கிலத்தில் வந்தது, இப்போ முதலீட்டு அறிக்கையில் 'பயன்படுத்தப்படாத நிலம்' எண்டு வரும். கரவலை இழுக்கிற கரை, மாடு மேய்கிற தரவை, வெள்ளம் தேங்குகிற சதுப்பு எல்லாம் கடதாசியில் சும்மாதான் கிடக்கும்.

எங்களிடம் ஒரு பயணப் பட்டியலைத் தரச் சொன்னால் இப்பிடித்தான் போடுவோம். முதல் நாள் காலிமுகத்திடல், கட்டணம் இல்லை. இரண்டாம் நாள் பொரளை, ஆனால் களனிவெளி றெயிலில் போய். பிறகு நுவரெலியா, ஆட்டம் முடிய ஒரு லயன் வரிசை வரை நடந்து, 7 பேர்ச் எவ்வளவு எண்டு காலால் அளந்து பார்க்கலாம். விக்டோரியாவுக்கு வரட்சியான மாதத்தில், பழைய தெல்தெனிய தண்ணீருக்கு மேல் தலைகாட்டினால் அதையும் பார்க்கிற மாதிரி. வெட்ட வேண்டும் எண்டால் அம்பாந்தோட்டையை வெட்டலாம். கடைசி நாள் பத்தரமுல்லை. அங்கே இப்போ விளையாட கோல்ஃப் இல்லை. பட்டியலில் அதைச் சேர்ப்பதற்குக் காரணமும் அதுதான்.